கயிற்றின் இந்த முனை

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், நாய் வளர்ப்போரும் அக்கம்பக்கத்தாரும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, ரமண நகரிலிருந்தும் பெரும்பாக்கம் சாலையிலிருந்தும் அத்தியந்தல் பக்கமிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, தமிழ் பாதிதான் புரியும் என்று தெரிந்தும் நாய்ப் பிரியத்தால் வந்து உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு அன்பர்களே! வந்ததற்கு ஒரு நன்றி. உங்கள் நாய்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தீர்களே, அதற்குத் தனியாக இன்னொரு நன்றி. அவர்களும் வந்திருந்தால் இந்த ஒலிபெருக்கிக்கு வேலை இருந்திருக்காது.

இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய மரியாதை. நாய்க்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், கைப்பேசியைத் திறந்தால் ஆயிரம் காணொளி கொட்டுகிறது. கயிற்றின் அந்த முனையில் இருப்பவரைப் பற்றி ஊரே பேசுகிறது. இந்த முனையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. நான் இந்த முனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"இதெல்லாம் ஒரு சொற்பொழிவுக்கான விஷயமா சார்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு, அக்னி லிங்கத்துக்கும் எமலிங்கத்துக்கும் நடுவே, நம் செங்கம் சாலை ஓரத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்கள் வருவார்கள். பால்காரர் வருவார். இரவெல்லாம் நடைபாதையில் படுத்திருந்த சாது ஒருவர் எழுந்து துண்டை உதறுவார். அவர் காலடியில் படுத்திருந்த நாயும் எழுந்து உடம்பை உதறும். ஆட்டோக்கள் முறைபோட்டு நிற்கும். ஆசிரமத்து மதில்மேல் மயில் கத்தும். நடுவில் நாம் வருவோம், நம் செல்லங்களோடு. இத்தனை பேருக்கும் ஒரே சாலை, ஒரே நேரம். மரியாதையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

இனி ஒரு காட்சி. பெயர் சொல்ல மாட்டேன், தேவையும் இல்லை. இங்கே இருக்கிற பாதிப் பேர் அதில் நடித்திருக்கிறீர்கள்.

ஒரு சந்து. இரண்டு ஆள் ஒதுங்கித்தான் போகலாம், அவ்வளவு அகலம். இந்தப் பக்கமிருந்து நன்றாகத் தின்று வளர்ந்த லாப்ரடார் ஒன்று எசமானை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கமிருந்து ஒரு நாட்டு நாய், குட்டியில் சாக்கடையிலிருந்து எடுத்து வளர்த்தது, ஓர் அம்மாவின் புடவையை ஒட்டி வருகிறது. லாப்ரடார் பார்த்துவிட்டது. முன்னங்கால் தரையைத் தொடாமல் இழுக்கிறது. நாட்டு நாய் நின்றுவிட்டது. வாய் மூடிக்கொண்டது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகு மயிர் ஒரு கோடாக எழுந்து நிற்கிறது. அந்த அம்மா என்ன செய்கிறார்? கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார். கயிறு விறைக்கிறது. இந்தப் பக்கத்து எசமான் என்ன செய்கிறார்? சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே அந்த மந்திரத்தைச் சொல்கிறார்.

என்ன மந்திரம்? உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

"பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது!"

தமிழ்நாட்டில் நாய் வளர்க்கிற ஒவ்வொருவரும் தினம் ஒருமுறையாவது சொல்கிற வாக்கியம் இது. சின்ன வயதில் நாய்க்கடி வாங்கித் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட பெரியவரிடம் சொல்கிறோம், ஒண்ணும் பண்ணாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சுவரோடு ஒட்டி நிற்கிறது, அதனிடமும் ஒண்ணும் பண்ணாது. இன்னொரு நாய்க்காரரிடம் சொல்கிறோமே, அதுதான் வேடிக்கை. உங்கள் நாய் ஒன்றும் பண்ணாது, சரி, ஒப்புக்கொள்கிறேன். என் நாய் ஒன்றும் பண்ணாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

என் நாய்க்கு இடுப்பு வலியாக இருக்கலாம். தையல் பிரிக்காத புண் இருக்கலாம். ஒரு கண் தெரியாமல் இருக்கலாம். பருவத்துக்கு வந்த பெட்டையாக இருக்கலாம். போன மாதம் இதேபோல் ஓடிவந்த ஒன்று காதைக் கிழித்திருக்கலாம். இவ்வளவும் என்னிடம் கேட்டால்தானே தெரியும்? கேட்காமல் வந்துவிட்டு, என் நாய் உறுமியதும், "உங்க நாய் ஏன் இவ்வளவு கோவக்காரனா இருக்கு?" என்று என்னையே கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மருத்துவனாகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கயிறு இல்லாத இரண்டு நாய்கள் ஒன்றையொன்று சந்திப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நேருக்கு நேர் வராது. வளைந்து வரும். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ளும். தரையை முகரும், ஒன்றுமே இல்லாத தரையை. பக்கவாட்டில் வந்து பின்பக்கத்தை மோந்து பார்த்துவிட்டு விலகும். கண்ணோடு கண் முறைத்துக்கொண்டு நேர்கோட்டில் வருவது நாய் உலகத்தில் சண்டைக்கு அழைப்பு. நாம் சந்தில் கயிற்றைப் பிடித்து எப்படிக் கொண்டுவருகிறோம்? நேருக்கு நேர், மூக்குக்கு மூக்கு. வளைந்து போக இடம் இல்லை, விலகிப் போகக் கயிறு விடாது. அதற்குத் தெரிந்த நல்ல பழக்கம் எல்லாவற்றையும் நாம் கட்டிப் போட்டுவிட்டு, அது குரைத்ததும் வெட்கப்படுகிறோம்.

கயிறு விறைத்தால் கையில் இருக்கும் பதற்றம் நாயின் கழுத்துக்கு இறங்கும். வால் ஆடுகிறதே என்று நம்பவும் வேண்டாம். தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து ஆடினால் சந்தோஷம். நிமிர்ந்து விறைத்து நுனி மட்டும் ஆடினால் அது எச்சரிக்கை. கோடாக எழுந்த முதுகு மயிரும் மூடிய வாயும் அதோடு சேர்ந்தால், நண்பர்களே, திரும்பி வேறு வழியாகப் போய்விடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? பத்தடி தூரத்திலேயே நிற்க வேண்டும். கயிற்றைச் சுருக்கி நாயை நம் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து கேட்க வேண்டும்: "கிட்ட வரலாமாங்க?" இதுதான் மொத்தச் சொற்பொழிவும். இத்தோடு முடித்துக்கொள்ளலாம், ஆனால் அமைப்பாளர்கள் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

"வேண்டாங்க" என்று பதில் வந்தால்? "ஏன்?" என்று கேட்கக் கூடாது. அந்த 'ஏன்' தான் நம் ஊர்க்காரர்களுக்கு நாக்கு நுனியில் நிற்கும். வீட்டுக்கு வந்தவர் காபி வேண்டாம் என்றாலே மூன்று முறை கேட்கிற சனம் நாம். நாய் விஷயத்தில் ஒருமுறை 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். ஒரு தலையசைப்பு, ஒதுங்கி வழிவிடுதல், முடிந்தது. கிட்ட வரச் சொன்னாலும் மூன்று நொடி மோந்ததும் "வாடா போலாம்" என்று அழைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். சண்டை தொடங்குவது பெரும்பாலும் நான்காவது நொடிக்குப் பிறகு, நாம் இருவரும் வாடகை ஏறிவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கும்போது.

சுவீடன் நாட்டில் ஒரு வழக்கம் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. கிட்டே யாரும் வர வேண்டாம் என்று விரும்புகிற நாயின் கயிற்றில் மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்தே தெரியும், கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். மஞ்சள் துணிக்கா நம் ஊரில் பஞ்சம்? ஒரு முழம் கிழித்துக் கட்டுங்கள். நம் தெருக்களில் நாம் பத்துப் பேர் செய்தால் மற்றவர்களுக்குத் தானாகப் புரிந்துவிடும்.

இனி, இந்த ஊரின் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டு உதாரணம் எதற்கு, மலைமேல் நடந்ததே இருக்கும்போது?

ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்தார். அப்போது அங்கே ஒரு நாய். உடம்பெல்லாம் கறுப்பு. சின்னக் கருப்பன் என்று பெயர். ஆர்தர் ஆஸ்போர்ன் எழுதிய மகரிஷியின் வரலாற்று நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. இங்கே பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நாயோடு நடக்கிறவர்களுக்கான பாடமாக இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கருப்பன் யாரிடமும் ஒட்டவில்லை. தூரத்தில் புதருக்கு மேலே தலை மட்டும் தெரியும், மறைந்துவிடும். குகையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? துரத்தினார்களா? "வா வா" என்று கூப்பிட்டு, கிட்டே போய்த் தடவப் பார்த்தார்களா? இல்லை. அவன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அவனுடைய தனிமையை மதித்தார்கள். வைத்துவிட்டு விலகிவிடுவது, அவ்வளவுதான். ஒருநாள் இவர்கள் மலையேறிப் போகும்போது கருப்பனே பாதையில் குறுக்கே பாய்ந்து வந்து, கூட்டத்தில் மகரிஷியை மட்டும் தேடிக்கொண்டு போய், வாலை ஆட்டிக்கொண்டு அவர்மேல் விழுந்து குதித்தானாம். அதிலிருந்து அவன் ஆசிரமத்து ஆள்.

கவனியுங்கள். முதல் அடியை எடுத்து வைத்தது யார்? நாய். காத்திருந்தது யார்? மனிதர்கள். நாம் தெருவில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முன்பின் தெரியாத நாயின் தலைக்கு மேலே கையை நீட்டுகிறோம், அதற்குப் பிடிக்கும் என்று நாமே முடிவுசெய்துகொண்டு.

கதை இத்தோடு முடியவில்லை. நம் தலைப்புக்குள் வருவது இனிதான். ஆசிரமத்துக்கு வந்த பிறகு கருப்பன் அடியோடு மாறிவிட்டான். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஒட்டிக்கொள்வான், மடியில் ஏறுவான். சிலர் ஒதுங்கினாலும் விடமாட்டான். ஆனால் 'போ' என்று சொன்னால் கேட்டுக்கொள்வான். ஒருநாள் குகைக்குப் பக்கத்தில் ஒரு வில்வ மரத்தடியில் ஆசாரமான பிராமணர் ஒருவர் ஜபம் செய்துகொண்டிருந்தார். நாய் கிட்டே வருவதே ஆகாது அவருக்கு. கருப்பனுக்கு அது எப்படித் தெரியும்? போனான். ஆசிரமத்தைச் சேர்ந்த ஒருவர், ஜபம் செய்கிறவர் சங்கடப்படக் கூடாதே என்று கம்பை எடுத்து ஓர் அடி வைத்தார். பலமான அடிகூட இல்லை. கருப்பன் ஊளையிட்டுக்கொண்டு ஓடினான். திரும்பி வரவே இல்லை. அதன்பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி. தப்பு யார்மேல்?

மரத்தடியில் இருந்தவர் மேலா? அவருக்கு நாய் பிடிக்கவில்லை, ஜபத்தில் இருக்கிறார். பிடிக்காமல் இருப்பதற்கு ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு, காரணம் எதுவாக இருந்தாலும். கருப்பன் மேலா? அவன் அன்போடு போனான், அவனுக்கு எல்லாரும் ஒன்றுதான். என் தீர்ப்பைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் பிறகு சண்டைக்கு வரலாம். நடுவில் இருந்தவர் மேல்தான் தப்பு. நாயும் நம்முடையது, வந்தவரும் நம் விருந்தாளி என்று இரண்டு பக்கமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கருப்பன் மரத்தடிக்குப் போவதற்கு முன்னாலேயே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். சொன்னால் கேட்கிற நாய் அது! குரல் கொடுக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிட்டு, கம்பு எடுக்க வேண்டாத நேரத்தில் கம்பை எடுத்தார்.

அந்த நடு ஆள் யார் தெரிகிறதா? கயிற்றின் இந்த முனை. நாம்தான். கருப்பனும் ஒன்றும் பண்ணாத நாய்தான். பண்ணவும் இல்லை. ஆனாலும் பிடிக்காதவர் பக்கத்தில் அவனைப் போகவிட்டிருக்கக் கூடாது. 'ஒண்ணும் பண்ணாது' என்ற வாக்கியத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

கருப்பனைவிட முன்னால் இன்னொரு சின்ன நாய் இருந்தது. குகையில் உடனிருந்த பழனிசாமி ஒருமுறை அதைத் திட்டினார். அது நேரே சங்க தீர்த்தத்துக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் உடல் குளத்தில் மிதந்தது. இங்கே இருக்கும் பிராணிகளுக்கும் அறிவும் கொள்கையும் உண்டு, கடுமையாக நடத்தக் கூடாது என்று அப்போதே எல்லாருக்கும் சொல்லப்பட்டது. சொல்லியும் பிறகு கம்பு எழுந்தது. சொன்னால் மட்டும் போதாது போலிருக்கிறது.

மகரிஷி கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில், அதாவது 1916க்குப் பிறகு, கமலா என்று ஒரு பெட்டை நாய். குட்டியாக வந்தபோது, வருஷா வருஷம் குட்டி போட்டு ஆசிரமத்தை நிறைத்துவிடுமே என்று மற்றவர்கள் விரட்டப் பார்த்தார்கள், அது போகவில்லை. முதல் பிரசவத்தில் கமலாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, பத்து நாள் குட்டிகளோடு தனி இடம் கொடுத்தார்கள். பத்தாம் நாள் விருந்து! புதிதாக யாராவது வந்தால் மகரிஷி கமலாவைக் கூப்பிட்டு, இவருக்குச் சுற்றிக் காட்டு என்பாராம். கமலா முன்னால் போகும். ஒவ்வொரு சன்னதியாக, ஒவ்வொரு தீர்த்தமாக நின்று காட்டிக்கொண்டே மலையைச் சுற்றி அழைத்துப் போகும். நாயை மனிதன் நடத்திப் போகிறதுதான் உலக வழக்கம். நம் ஊரில் மனிதனை நாய் நடத்திப் போயிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் 'பசங்களுக்குப் போட்டாயிற்றா' என்றுதான் மகரிஷி முதலில் கேட்பார். ஆசிரமத்துக்குள் பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம் இவற்றின் சமாதிகளோடு ஜாக்கி என்ற நாயின் சமாதியும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் நாய் வளர்ப்பது கொஞ்சம் பொறுப்பான காரியம்தான், என்ன சொல்கிறீர்கள்?

அடுத்தது, தெருநாய். நம் செல்லத்துக்கு ஒரு வீடு இருக்கிறது. தெருநாய்க்கு அந்தத் தெருதான் வீடு. நாம் தினமும் அவர் வீட்டு வரவேற்பறை வழியாக, கயிற்றில் கட்டிய ஒரு வெளியாளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அவர் எழுந்து நின்று "யார் அது?" என்று கேட்கிறார். நாம் உடனே குனிகிறோம்.

குனிந்தால் போதும்! கல் எடுக்கவே வேண்டாம். தமிழ்நாட்டு நாய் எதுவும், மனிதன் குனிந்தால் ஓடும். எத்தனை தலைமுறையாக எறிந்த கல் அது என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். மலையடிவாரத்தில் கல்லுக்கும் குறைவில்லை, நாய்க்கும் குறைவில்லை. தயவுசெய்து எறியாதீர்கள். எறிந்தால் அந்த நாய் உங்களை மறந்தாலும் உங்கள் நாயை மறக்காது. நாளைக்கு உங்கள் வீட்டுப் பெண் அதே நாயைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் போகும்போது கணக்குத் தீர்க்கும். முறைக்காதீர்கள், ஓடாதீர்கள். உங்கள் நாய்க்கும் அதற்கும் நடுவில் நீங்கள் வந்து, பக்கவாட்டில் மெதுவாக நகருங்கள். இரண்டு தெரு முனையைத் தாண்டியதும் அதன் எல்லை முடிந்துவிடும்; அதுவாக நின்றுவிடும்.

தெருநாய்க்குச் சோறு வைக்கிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் புண்ணியவான்கள். செங்கம் சாலையில் விலங்குக் காப்பகம் நடத்துகிறவர்கள் அடிபட்ட நாய்களை எடுத்துப் பார்க்கிறார்கள், கருத்தடை செய்கிறார்கள், வெறிநாய்த் தடுப்பூசி போடுகிறார்கள். காது நுனியில் சின்ன வெட்டுத் தெரிந்தால் அது கருத்தடை ஆன நாய் என்று அர்த்தம். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சோற்றை நடைபாதைக்கு நடுவில் வைத்தால், அந்த இடத்தைக் காக்க ஐந்து நாய் நிற்கும், நாம் ஒரு நாயோடு அதைக் கடக்க வேண்டும். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விலங்குக் கருத்தடை விதிகளே, குழந்தைகள் விளையாடும் இடமும் வாசலும் படிக்கட்டும் தவிர்த்து, அதற்கென ஓர் இடம் குறித்துச் சோறு வைக்கச் சொல்கின்றன. தில்லித் தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் ஒதுக்கிய இடத்தில்தான் உணவிட வேண்டும் என்றது. சின்னக் கருப்பனுக்கு எங்கே சோறு வைத்தார்கள்? பாதையிலா? அவன் இருந்த புதர்ப் பக்கத்தில்.

இப்போது ஒரு கசப்பான சங்கதி. மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் எல்லா ஊரிலும் நாய் மலம் அசிங்கம். நம் ஊரில் அது அதற்கும் மேலே. ஏன்? இந்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனங்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். பௌர்ணமி என்றால் லட்சக்கணக்கில். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, இரவெல்லாம் கண் விழித்து, பாட்டிமார்கள் முழங்கால் வலியோடு நடக்கிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் நிதானமாக அடி எடுத்து வைக்க வேண்டும் என்பது கிரிவலத்துக்குச் சொல்லப்பட்ட முறை. அப்படி நிதானமாக, சிவநாமம் சொல்லிக்கொண்டு எடுத்து வைத்த அடி எதன்மேல் விழுகிறது? உங்கள் ராஜபாளையம் காலையில் விட்டுப்போனதன்மேல். கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. நாய் மலத்திலிருந்து மண்ணுக்கு வந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். அரிப்பெடுத்துக் கோடு கோடாகத் தடிக்கும். அந்தப் பாட்டி சேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ திரும்பிப் போய், "அண்ணாமலையார் சோதனை" என்று நினைத்துக்கொள்வார். அது அண்ணாமலையார் சோதனையா? நம் சோம்பேறித்தனம்!

பழைய செய்தித்தாள் ஒரு தாள் போதும், அல்லது பால் கவர். எடுத்துக் கட்டிக் குப்பையில் போட இருபது நொடி. மண் இருக்கும் இடத்தில் மூடினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, மழைக்கு மேலே வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, இது நாய்க்காரர் நாய்க்காரருக்குச் செய்கிற மரியாதை: தடுப்பூசி முழுதும் முடியாத குட்டியையும், வாந்தி பேதியில் கிடந்து எழுந்த நாயையும் பொதுச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் நாய் பிழைத்துக்கொள்ளும், அடுத்த வீட்டுக் குட்டி மூன்று நாளில் போய்விடும். என் கையில் அப்படிப் போன குட்டிகள் நிறைய.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு மூன்றே வரி. நம் வசம் உள்ள பிராணியால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் 5 வயதுக் குழந்தையைக் குதறின. அவை கயிற்றில் கட்டப்பட்டிருக்கவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று தமிழ்நாடு முழுக்க நாய்க்காரர்கள் எல்லாரையும் ஜனங்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், நினைவிருக்கிறதா? ஒருவர் கயிற்றை விட்டால் அத்தனை பேர் தலையும் குனிகிறது.

ஆகவே, எத்தனை நல்ல நாயாக இருந்தாலும் தெருவில் கயிறு வேண்டும். பொத்தானை அழுத்தினால் நீளுகிற கயிற்றைக் கூட்டத்தில் பயன்படுத்தாதீர்கள். மெல்லிசாக இருக்கும், கிரிவலக்காரர் காலில் சுற்றும், தோலை அறுக்கும். பெரிய நாயைச் சின்னப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்கள் கை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது. கிரிவலக்காரர்கள் சாலையின் இடப்பக்கமாக நடப்பது மரபு, மலையை ஒட்டிய வலப்பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிடுவார்கள். நாயோடு போகிற நாமும் கூட்டத்துக்கு நடுவே போகாமல் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முடிந்தால் உள்தெருக்களிலேயே நடந்தால், சித்தர்களுக்கும் தொந்தரவில்லை, பக்தர்களுக்கும் தொந்தரவில்லை.

இத்தனையும் செய்தும் ஒருநாள் சண்டை வரும். வந்தால்? கத்தாதீர்கள், கத்தினால் ஊக்கப்படுத்துகிறீர்கள் என்று அவை நினைத்துக்கொள்ளும். இரண்டு வாய்க்கு நடுவே கையை விடாதீர்கள். நான் பார்த்த நாய்க்கடிக்காரர்களில் பலர் சொந்த நாயிடம் கடிபட்டவர்கள், விலக்கப் போய். பக்கத்து டீக்கடையில் வாளித் தண்ணீர் இருக்கும், முகத்தில் ஊற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் இழுங்கள். ஒருவர் மட்டும் இழுத்தால் சதை கிழியும். அதனால்தான் சொல்கிறேன், எதிரில் வருகிற நாய்க்காரரோடு முன்பே முகப்பழக்கம் வேண்டும். அந்த நிமிஷத்தில் உங்கள் நாயைக் காப்பாற்றப் போகிறவர் அவர்தான்.

மனிதருக்குக் கடி பட்டிருந்தால் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊசி இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28 என்று கணக்கு. ஒன்றைக்கூட விடக் கூடாது. தொப்புளைச் சுற்றிப் போட்டதெல்லாம் அந்தக் காலம். நாய்களுக்குப் பட்டிருந்தால், இரு தரப்பும் கைப்பேசி எண்ணையும் தடுப்பூசி அட்டையையும் அங்கேயே பரிமாறிக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவு யார் பொறுப்பு? யார் நாய் கயிறில்லாமல் வந்ததோ அவர் பொறுப்பு. இரண்டும் கயிற்றில் இருந்தால் பாதிப் பாதி. இது சட்டம் இல்லை, இந்தக் கிழவனின் பஞ்சாயத்து. இதுவரைக்கும் யாரும் மறுத்துப் பேசியதில்லை, மனசுக்குள் திட்டியிருக்கலாம்.

கடைசியாகக் கார்த்திகை வருகிறது. மகாதீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்று முழங்கும், வெடி வெடிக்கும், கிரிவலப் பாதையில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். அன்று நாய்க்கு நடைப்பயிற்சி வேண்டாம். விடியற்காலை ஒருமுறை வெளியே விட்டுவிட்டு, மாலை நான்கு மணிக்கே ஜன்னல் சாத்திய அறையில் தண்ணீரோடு வையுங்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த இரவில் மிரண்டு ஓடிய நாய்களைத் தேடிக்கொண்டு மறுநாள் பத்துப் பேர் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். கழுத்துப்பட்டையில் பெயர் மட்டும் இருக்கும், "டைகர்" என்று; டைகரைக் கண்டெடுத்தவர் யாரைக் கூப்பிடுவார்? இன்றைக்குப் போகும்போது வாசலில் மேஜைமேல் அழியாத மை பேனாவும் துணிப் பட்டைகளும் வைத்திருக்கிறோம். உங்கள் கைப்பேசி எண்ணை இப்போதே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளூர் எண் இல்லாத வெளிநாட்டு நண்பர்கள் வீட்டுக்காரரின் எண்ணை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.